டூட்லி சர்ச்சோட ஷகால் ஜன்னல்கள்: எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதிலும்

இங்கிலாந்து கிராமத்து சர்ச் ஒண்ணுல ஓவியர் மார்க் ஷகால் பண்ணின கலர் கண்ணாடி ஜன்னல் இருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்த நிமிஷமே கேள்வியா கேக்கறாங்க. கேக்கறதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சிடலாம்னு தோணிச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், சில பதில் நீளமா போகும், பொறுமையா படிங்க.

எந்த சர்ச், எங்க இருக்கு?

கென்ட் கவுன்ட்டில டன்பிரிட்ஜ் டவுனுக்கு கிழக்கால ஒரு ரெண்டு மூணு மைல் தள்ளி டூட்லின்னு ஒரு சின்ன ஊர். அங்க இருக்கற ஆல் செயின்ட்ஸ் சர்ச். 1086ல இங்கிலாந்து முழுக்க நிலத்தக் கணக்கெடுத்த டோம்ஸ்டே புத்தகத்துலயே இந்த ஊர் பேர் வருது, அவ்ளோ பழைய ஊர். ஆனா சர்ச்ச வெளில இருந்து பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, செங்கல் கோபுரம், சுத்தி கல்லறை, அதத் தாண்டி வயல். ரோட்டுல கார்ல போறவங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. இது ஆங்கிலிக்கன் சர்ச், நம்ம ஊர் சிஎஸ்ஐ சபைல கலந்த சபைகள்ல ஒண்ணு ஆங்கிலிக்கன், அதனால உள்ள இருக்கற அமைப்பு சிஎஸ்ஐ கோயிலுக்குப் போய்ப் பழகினவங்களுக்கு புதுசா இருக்காது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பன்னெண்டு ஜன்னல், பன்னெண்டும் ஷகால் டிசைன். ஷகால் ஜன்னல் இருக்கற சர்ச் உலகத்துல நிறைய இருக்கு, ஆனா ஒரு சர்ச்சோட எல்லா ஜன்னலும் அவரோடதுன்னா டூட்லியத்தான் சொல்றாங்க. இருபதாம் நூற்றாண்டோட பெரிய ஓவியர்கள்ல ஒருத்தர், பாரிஸ் ஆப்பராவோட கூரைய வரைஞ்சவர், நியூயார்க்ல ஐநா கட்டடத்துக்கு ஜன்னல் பண்ணவர், அவரு இந்த வயல்காட்டு சர்ச்சுக்கு இவ்ளோ பண்ணிருக்கார். எல்லாமே ஒரு பொண்ணோட சாவுல இருந்து ஆரம்பிச்சது.

யார் அந்தப் பொண்ணு?

பேரு சாரா. பக்கத்துல சாமர்ஹில்னு ஒரு பெரிய மாளிகை இருக்கு, பதினேழாம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது, ஓவியர் டர்னர்கூட அத வரைஞ்சிருக்கார். அங்க குடியிருந்த டாவிக்டோர்-கோல்ட்ஸ்மிட் குடும்பத்துப் பொண்ணு. அப்பா சர் ஹென்றி யூதர், கன்சர்வேடிவ் எம்பியா இருந்தவர். அம்மா லேடி ரோஸ்மேரி ஆங்கிலிக்கன். அம்மாவும் பொண்ணுங்களும் கும்பிடப் போனது இந்த டூட்லி சர்ச்சுக்குத்தான்.

1963ல சாராவுக்கு 21 வயசு. சசெக்ஸ் கடற்கரைல ரை ஊர் பக்கத்துல நண்பர்களோட பாய்மரப் படகுல போனப்ப விபத்து ஆகி கடல்ல மூழ்கிட்டாங்க, கூடப் போன நண்பர் ஒருத்தரும் இறந்துட்டார்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1961ல, ஷகால் ஜெருசலேம் ஹதாசா ஆஸ்பத்திரி வளாகத்து யூதக் கோயிலுக்காகப் பண்ணின பன்னெண்டு ஜன்னலையும் ஜெருசலேமுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பாரிஸ்ல லூவர் கட்டடத்துல காட்சிக்கு வெச்சிருந்தாங்க. சாராவும் அம்மாவும் அதப் போய்ப் பாத்தாங்க. அந்தப் பொண்ணுக்கு ஓவியத்துல ஆர்வம் அதிகம், அந்த ஜன்னல்கள் மனசுல அப்படியே பதிஞ்சு போச்சு. அதனால மக போனப்புறம் அவ ஞாபகமா சர்ச்சுல ஏதாவது பண்ணணும்னு யோசிச்சப்ப அப்பா அம்மாவுக்கு வேற பேரே தோணல, ஷகால்கிட்டயே கேட்டாங்க.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படறது என்னன்னா, அவங்க பிரபலமான ஆர்ட்டிஸ்ட் யாருன்னு தேடிப் போகல, தன் பொண்ணு பாத்து சந்தோஷப்பட்டது யாரோட வேலையோ அவர்கிட்டதான் போனாங்க. பிள்ளைய இழந்த வீட்டுல பிள்ளைக்குப் பிடிச்சது எதுன்னுதானே யோசிப்பாங்க, அதத்தான் இவங்களும் பண்ணாங்க.

ஷகால் யூதர் ஆச்சே, அவரு எப்படி சிலுவைல இயேசுவ வரைஞ்சார்?

எல்லாரும் கேக்கற கேள்வி இது, நியாயமானதும்கூட.

ஷகால் 1887ல வீட்டெப்ஸ்க்ல பொறந்தவர், அப்ப ரஷ்ய சாம்ராஜ்யம், இப்ப பெலாரஸ். ஹசீதிக்னு சொல்ற பக்தி மரபுல வந்த யூதக் குடும்பம். ஆனா இயேசு அவரோட படங்கள்ல ரொம்ப காலமாவே வர்றார். 1938ல வரைஞ்ச 'வெள்ளைச் சிலுவை' படத்துல (இப்ப சிகாகோல இருக்கு) சிலுவைல தொங்கற இயேசு இடுப்புல யூதர்கள் ஜெபத்துக்குப் போர்த்தற சால்வையக் கட்டிருப்பார், சுத்தி வீடுங்க எரியுது, ஜனங்க மூட்டையோட ஓடறாங்க. நாஜிங்க யூதர்களத் துரத்தின நேரம் அது. ஷகாலுக்கு இயேசு முதல்ல ஒரு யூதர், பாடு பட்டு செத்த எல்லா யூதருக்கும் அவரே அடையாளம். 1941ல ஷகாலே உயிரக் காப்பாத்திக்க பிரான்ஸ விட்டு அமெரிக்கா போக வேண்டி வந்துச்சு, 1944ல அங்கயே முதல் மனைவி பெல்லா இறந்துட்டாங்க. துக்கம்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

இன்னொண்ணு கவனிங்க. ஜெருசலேம் ஜன்னல்கள்ல மனுஷ உருவமே கிடையாது, யூத மரபுக்கு மதிப்பு குடுத்து மிருகம், பறவை, மீன், செடி கொடின்னே பண்ணிருப்பார். டூட்லில மனுஷங்க வர்றாங்க, அழறாங்க, ஏறறாங்க. எந்தக் கோயிலுக்குப் பண்றோமோ அங்க கும்பிடறவங்கள மதிச்சு பண்ணின மனுஷர். அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர், ஓவியர் யூதர், இடம் சர்ச், இந்த நாலும் ஒண்ணா வந்ததுல எனக்கு எந்த முரணும் தெரியல, இந்தக் குடும்பத்துக்கு இவரவிடப் பொருத்தமான ஆள் கிடைச்சிருக்க மாட்டாங்கன்னுதான் தோணுது.

கிழக்கு ஜன்னல்ல என்ன இருக்கு? பாத்தா முதல்ல ஒண்ணும் புரியலயே?

புரியாது, அவசரப்படாதீங்க. உள்ள நுழைஞ்சதும் ஆல்டருக்கு, அதாவது பலிபீடத்துக்கு, பின்னாடி ஒரு பெரிய நீலம் தெரியும், அவ்ளோதான் முதல் பார்வைக்கு. பெஞ்ச்ல உக்காந்து கண்ணு பழகினப்புறம் ஒவ்வொண்ணா வெளில வரும்.

கீழ இருந்து பாருங்க. அடில கடல், சுழல் சுழலா நீலம், அதுல ஒரு பொண்ணு மிதக்கறா. அதுதான் சாரா. பக்கத்துல துக்கத்துல இருக்கற உருவங்க, ரெண்டு பிள்ளைங்கள அணைச்சிட்டு ஒரு அம்மா. மேல போனா ஒரு சிவப்புக் குதிரை, அதுமேல ஒரு ஆள். இவ்ளோ நீலத்துக்கு நடுவுல அந்தச் சிவப்பு ஒண்ணு மட்டும் உங்களக் கூப்பிடும், ஷகால் படங்கள்ல குதிரை சந்தோஷத்தோட வர்ற பிராணி. அப்புறம் ஒரு ஏணி, அதுல ஒரு உருவம் ஏறுது. உச்சில சிலுவைல இயேசு, வேதனைல முறுக்கிக்கிட்டு இல்ல, அமைதியா, வர்றவங்கள வாங்கிக்கற மாதிரி கையை விரிச்சு.

ஏணியப் பாத்ததும் பைபிள் படிச்சவங்களுக்கு ஆதியாகமம் 28ல யாக்கோபு கனவுல பாத்த ஏணி ஞாபகம் வரும், ஷகாலுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது, பல படத்துல வரைஞ்சிருக்கார்.

இந்த ஜன்னல் பத்தி நான் யார்கிட்ட பேசினாலும் சொல்றது ஒண்ணுதான், இது சாவ மூடி மறைக்கல. செத்துப்போன பிள்ளைக்கு ஞாபகச் சின்னம் வைக்கறவங்க வழக்கமா ஒரு தேவதை, ஒரு லில்லிப் பூ, ஒரு வசனம்னு வைப்பாங்க, எப்படிச் செத்தாங்கன்னு அதுல இருக்காது. இங்க கடலே இருக்கு, மூழ்கினதே இருக்கு, அதுவும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த அம்மா கண்ணு முன்னாடி தெரியற மாதிரி. அந்தத் தண்ணில இருந்தே ஏணியும் மேல போகுது. கடலப் பாக்காம மேல பாக்க முடியாது, மேல பாத்தா திரும்பக் கடலுக்கு வராம இருக்கவும் முடியாது. ஆறுதல் சொல்லணும்னு பொய் சொல்லாம ஆறுதல் சொல்லிருக்கார், இதுக்காகவே இந்த ஜன்னல நான் உலகத்துல இருக்கற அவரோட பெரிய பெரிய ஜன்னலுக்கெல்லாம் மேல வெப்பேன்.

ஒரு ஜன்னல்தான் கேட்டாங்க, பன்னெண்டு எப்படி ஆச்சு?

கிழக்கு ஜன்னல் 1967ல மாட்டி முடிச்சாங்க. அர்ப்பணிப்புக்கு ஷகாலே வந்தார். சர்ச்சுக்குள்ள நின்னு பாத்துட்டு, 'அற்புதம், எல்லா ஜன்னலையும் நானே பண்றேன்'னு பிரெஞ்சுல சொன்னார்னு அங்க இருக்கற எல்லாரும் சொல்வாங்க. அப்ப அவருக்கு எண்பது வயசு! சொன்னதோட விடல, வருஷக்கணக்கா ஒவ்வொண்ணா பண்ணி, கடைசி ஜன்னல்கள் 1985ல மாட்டினாங்க. அதே வருஷம் மார்ச்ல, 97 வயசுல ஷகால் இறந்தார். சர் ஹென்றி 1976லயே போயிட்டதால முழுசா முடிஞ்சத அவரால பாக்க முடியல.

ஏன் அவ்ளோ லேட்?

ஆல்டர் இருக்கற பகுதி ஜன்னல்கள்ல ஏற்கனவே விக்டோரியா காலத்துக் கலர் கண்ணாடி இருந்துச்சு. அத எடுக்கணும்னா அனுமதி வேணும், எடுக்கலாமா கூடாதான்னு எதிர்ப்பும் இருந்துச்சு, அதுல வருஷங்கள் ஓடிப்போச்சு.

பழச எடுத்தது தப்பில்லயா?

இதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லிடறேன். பழைய சர்ச்சுல எதையும் புதுசா பண்ணக்கூடாதுன்னு சொல்றவங்க ஒண்ண மறந்துடறாங்க, அந்த விக்டோரியா கண்ணாடியும் ஒரு காலத்துல புதுசா வந்து உக்காந்ததுதான். இந்த சர்ச்சுல ஒவ்வொரு நூற்றாண்டும் எதையோ மாத்தியிருக்கு, கோபுரமே பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல். ஆனா பழச உடைச்சுப் போட்டிருந்தா நானும் கோவப்பட்டிருப்பேன். அப்படிப் பண்ணல, எடுத்த ஜன்னல்கள வெஸ்ட்ரி ரூம்ல, அதாவது குருவானவர் அங்கி மாத்தற அறைல, பின்னாடி லைட் போட்டு வெச்சிருக்காங்க. இதவிட மரியாதையா பண்ண முடியாதுன்னு நெனைக்கறேன். போறவங்க அதையும் பாத்துட்டு வாங்க, நல்ல வேலைப்பாடு.

மத்த பதினோரு ஜன்னல்ல என்ன இருக்கு?

கதைன்னு பெருசா இல்ல. தேவதூதர், பறவை, கழுதை, இலை, பட்டாம்பூச்சி, இப்படி படைப்பு முழுக்க அங்கங்க எட்டிப் பாக்கும். எட்டாம் சங்கீதத்தத்தான் இதுக்கு சாவியா சொல்வாங்க, 'நீர் அவனைத் தேவதூதரிலும் சற்றுச் சிறியவனாக்கினீர்'னு வருமே, அதுல ஆடு மாடு, ஆகாயத்துப் பறவை, சமுத்திரத்து மச்சம்னு வரிசையா வரும், அதெல்லாம் இங்க கண்ணாடில இருக்கு. ஆனா இங்க முக்கியம் உருவம் இல்ல, நிறம். வடக்குப் பக்கம் நீலம் ஓங்கி நிக்கும், தெற்குல மஞ்சளும் பொன்னிறமும் வரும்.

இங்கிலாந்துல சூரியன் எப்பவும் தெற்குப் பக்கமா சாய்ஞ்சேதான் போகும், வடக்கு ஜன்னலுக்கு நேர் வெயில் கிட்டத்தட்ட கிடையாது, அதனால அந்த நீலம் நாள் பூரா ஒரே மாதிரி நிதானமா இருக்கும். தெற்கு ஜன்னல்ல வெயில் பட்டா மஞ்சள் சுவத்துல வழியும், தரைல விழும், உக்காந்திருக்கறவங்க கைமேல விழும். துக்கத்துல உள்ள வர்ற ஒருத்தர் நீலத்துல ஆரம்பிச்சு பொன்னிறத்துக்கு வந்து சேரற மாதிரி எனக்குத் தெரியும், ஷகால் அப்படி நெனைச்சாரான்றது வேற விஷயம், அங்க உக்காந்திருக்கறப்ப எனக்கு அப்படித்தான் இருக்கு.

இது கண்ணாடி மேல பெயின்ட் அடிச்சதா?

இல்ல. பெரும்பாலான நிறம் கண்ணாடிக்குள்ளயே இருக்கு. கண்ணாடி உருக்கறப்பவே உலோகம் சேப்பாங்க, கோபால்ட் போட்டா நீலம், செம்பு போட்டா பதத்தப் பொறுத்து சிவப்போ பச்சையோ வரும். அதனாலதான் நூத்துக்கணக்கான வருஷம் ஆனாலும் வெளுக்காது.

இதுல ஷகால் ஒருத்தர் வேலை மட்டும் இல்ல, பாதிப் புகழ் பிரான்ஸ்ல ரைம்ஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் ஷார்ல் மார்க்குக்குப் போகணும், அவரும் அவர் மனைவி பிரிஜித் சிமோனும் தலைமுறை தலைமுறையா கண்ணாடி வேலை பண்ற பட்டறைய நடத்தினவங்க. ஷகால் கண்ணாடிப் பக்கம் வந்ததே கிட்டத்தட்ட எழுபது வயசுல, 1950களோட கடைசில மெட்ஸ் கதீட்ரல் வேலைல இவங்களோட சேந்தார், அப்புறம் கடைசி வரைக்கும் அந்தக் கூட்டு நீடிச்சது.

வேலை எப்படி நடக்கும்னா, ஷகால் சின்னதா ஒரு மாதிரிப் படம் வரைஞ்சு குடுப்பார். ஷார்ல் மார்க் அத ஜன்னல் அளவுக்குப் பெருசாக்கி, எந்தக் கோட்டுல ஈயம் வரணும், எந்தத் துண்டுக்கு எந்தக் கண்ணாடின்னு முடிவு பண்ணி வெட்டுவார். சாதாரணமா ஒரு துண்டுக்கு ஒரு நிறம், வேற நிறம் வேணும்னா ஈயப் பட்டை வெச்சு இன்னொரு துண்டு சேக்கணும். அப்படிப் பண்ணா ஷகாலோட படம் கட்டம் கட்டமா உடைஞ்சு போயிடும், ஏன்னா அவரோட நிறம் ஒண்ணுல ஒண்ணு கரையற நிறம். அதனால ஷார்ல் மார்க் ஒரு வழி பண்ணார். நிறமில்லாத கண்ணாடி மேல மெல்லிசா ஒரு கலர் தோல் ஒட்டின மாதிரி வர்ற கண்ணாடி இருக்கு, அந்தத் தோல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் வெச்சு இங்க கொஞ்சம் அங்க நிறையன்னு அரிச்சு எடுத்தா ஒரே துண்டுல ஆழமான நீலத்துல இருந்து வெள்ளை வரைக்கும் எல்லாப் படியும் கிடைக்கும், நடுவுல ஈயமே வேணாம். ரொம்ப ஆபத்தான ஆசிட், கைல பட்டா எலும்பு வரைக்கும் போகும், அத வெச்சுத்தான் இந்த மென்மையெல்லாம் வந்திருக்கு.

அதுக்கப்புறம் ஷகால் நேர்ல வந்து, கிரிசாய்னு சொல்ற கருப்பு மாதிரியான கண்ணாடிப் பூச்ச எடுத்து கண்ணாடி மேலயே வரைவார், முகம், கை, அலை, இலை எல்லாம் அப்பத்தான் வரும். துணியால தேய்ப்பார், கூரான கோலால கீறுவார். அப்புறம் சூளைல வெச்சு சுட்டா அந்தப் பூச்சு கண்ணாடியோட ஒட்டிக்கும். கடைசியா ஈயத்தால கோத்து ஜன்னலாக்குவாங்க. கிட்டப் போய்ப் பாத்தீங்கன்னா அந்தக் கீறல், தேய்ச்ச தடம் எல்லாம் தெரியும், ஒரு மனுஷன் கை பட்ட இடம்னு அங்கதான் உறைக்கும். ஈயக் கோட்டையும் பாருங்க, உருவத்தச் சுத்தி வேலி போடாம அலை மாதிரி தன் இஷ்டத்துக்கு ஓடும்.

எந்த நேரத்துல போகணும்?

கிழக்கு ஜன்னலுக்கு காலைல. வெயில் நேரா பின்னாடி இருந்து வரும், நீலம் கொதிக்கும். தெற்கு ஜன்னல்களுக்கு மதியம். மேகம் மூடின நாள்னா வருத்தப்படாதீங்க, அப்பத்தான் வரைஞ்ச கோடு, கிரிசாய் எல்லாம் தெளிவா தெரியும், பளீர் வெயில்ல நிறம் அடிச்சு அத மறைச்சிடும். முடிஞ்சா மேகமும் வெயிலும் மாறி மாறி வர்ற நாள்ல போங்க, உக்காந்த எடத்துல ஜன்னல் மாறிட்டே இருக்கும். பத்து நிமிஷத்துல பாத்துட்டு வர்ற இடம் இல்ல, கொறைஞ்சது ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

போட்டோ எடுக்கலாமா?

எடுங்க, ஆனா ஃபிளாஷ் அணைச்சிடுங்க, ஒளி பின்னாடி இருந்து வந்தாதான் ஜன்னல், முன்னாடி இருந்து அடிச்சா செத்துப்போன கண்ணாடி. மொபைல் சுவரையும் ஜன்னலையும் சேத்து கணக்குப் போட்டு நீலத்த வெளுக்க வெச்சிடும், மொபைல் ஸ்கிரீன்ல ஜன்னல் தெரியற இடத்தத் தொட்டு வெளிச்சத்தக் கொறைச்சு எடுங்க. யாராவது ஜெபம் பண்ணிட்டு இருந்தா போன உள்ள வெச்சிடுங்க.

குழந்தைங்களக் கூட்டிட்டுப் போலாமா?

தாராளமா. கழுதை எங்க, பறவை எத்தனைன்னு தேடச் சொல்லுங்க, பெரியவங்களுக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும். சாரா கதைய எவ்ளோ சொல்றதுன்னு உங்க பிள்ளையப் பாத்து நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஷகாலோட வேற ஜன்னல்கள் எங்க பாக்கலாம்?

இங்கிலாந்துல டூட்லிய விட்டா சிச்செஸ்டர் கதீட்ரல், 1978ல வெச்சது, நூத்தைம்பதாம் சங்கீதம், முழுக்கச் சிவப்பு, ஜனங்க வாத்தியம் வாசிச்சு ஆடறாங்க. வெளிநாடுன்னா பிரான்ஸ்ல மெட்ஸ், ரைம்ஸ் கதீட்ரல்கள், சூரிக்ல ஃபிராவ்மியூன்ஸ்டர் சர்ச், ஜெர்மனில மைன்ஸ் நகரத்து செயின்ட் ஸ்டீஃபன் சர்ச், அப்புறம் ஜெருசலேம். மைன்ஸும் நீலம்தான், ஆனா அது பெரிய இடம், தலைய அண்ணாந்து பாக்கணும். டூட்லில ஜன்னல் பக்கத்துலயே நிக்கலாம்.

எப்படிப் போறது?

லண்டன் சேரிங் கிராஸ் இல்ல லண்டன் பிரிட்ஜ்ல இருந்து டன்பிரிட்ஜுக்கு ட்ரெயின், முக்கால் மணி நேரம் வெச்சுக்கோங்க. டன்பிரிட்ஜ் வெல்ஸ்னு அதத் தாண்டி இன்னொரு ஸ்டேஷன் இருக்கு, அங்க போயிடாதீங்க. ஸ்டேஷன்ல இருந்து டாக்ஸிதான் சுலபம், ரோட்டோரமா நடக்கறது பல இடத்துல நடைபாதை இல்லாம கஷ்டம். நடக்கத்தான் போறேன்னா வயல் நடுவுல போற பாதைய மேப்ல பாத்து வெச்சுக்கோங்க, மழை பேஞ்சிருந்தா சேறு நல்லா இருக்கும், அதுக்கேத்த ஷூ போடுங்க. கல்யாணம், ஆராதனை, கச்சேரின்னு ஏதாவது இருந்தா சுத்திப் பாக்க விட மாட்டாங்க, போறதுக்கு முன்னாடி சர்ச் வெப்சைட்ல ஒருதரம் பாத்துடுங்க. உண்டியல்ல ஏதாவது போட்டுட்டு வாங்க, இந்த மாதிரி கண்ணாடிய ஒரு சின்ன கிராமத்து சபை பாத்துக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

பக்கத்துல வேற ஏதாவது பாக்கலாமா?

நேரம் இருந்தா கேப்பல் ஊர் செயின்ட் தாமஸ் அ பெக்கெட் சர்ச்சுக்குப் போங்க, பக்கத்துலதான். இடைக்காலத்துல சுவத்துல வரைஞ்ச ஓவியங்கள் அங்க இன்னும் இருக்கு, மங்கிப்போய் செம்மண் நிறத்துல. சாமர்ஹில் மாளிகை இப்ப ஸ்கூல், நெனைச்ச நேரத்துக்கு உள்ள போக முடியாது. முதல்ல கேப்பல், அப்புறம் டூட்லின்னு போனா காலை வெயில விட்டுடுவீங்க, அதனால டூட்லிய முதல்ல வெச்சுக்கோங்க.